ஐந்து நிமிடத்துக்கு ஒரு புள்ளி

இன்று காலை சர்வர் அறைக் கதவைத் திறந்ததும் சந்தன வாசனை வந்தது. நேற்று ஆயுத பூஜை. போன வாரம் வந்திறங்கி, இன்னும் மின்சாரம்கூடக் கொடுக்காத புது சர்வருக்கும் யாரோ ஒரு பொட்டு வைத்திருக்கிறார்கள். சந்தனம் காய்ந்து ஓரங்களில் வெடித்திருந்தது. விரலால் தொட்டபடி நின்றுவிட்டேன். போன மாசியில் உன் அண்ணன் போன் செய்து நீ போய்விட்டதைச் சொன்னபோது வராத அழுகை, அந்த இரும்புப் பெட்டியின் முன்னால் வந்தது.

அதில் நான் நிறுவ வேண்டியது நம் பழைய மென்பொருளின் வாரிசுதான். இணைய லைனில் எவ்வளவு வருகிறது, எவ்வளவு போகிறது என்று பார்த்துப் படம் வரைகிற வேலை. இப்போது நாலைந்து கட்டளைகளில் முடிந்துவிடும். நமக்குப் பன்னிரண்டு நாள் பிடித்தது.

தொண்ணூறுகளின் கடைசி. அவிநாசி சாலையை ஒட்டிய அந்த நூல் மில்லின் அலுவலகத்தில் நாம் இருவரும் ஒரே மாதத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தோம், பெண்கள் விடுதியில் ஒரே அறையில் தங்கியிருந்தோம். நீ சென்னிமலைக்காரி. வீட்டில் தறி, பெட்ஷீட் வியாபாரம். அப்பா இல்லை, அண்ணன் சொல்வதுதான் முடிவு. ஒரு வருடம் மட்டும் என்று கெஞ்சி வந்திருந்தாய். ஒரு குறை காதில் விழுந்தாலும் பெட்டியைக் கட்டிக்கொண்டு வரவேண்டும் என்பது பேச்சு.

அந்தக் குறை மேனேஜர் வாயிலிருந்து வந்தது. மில்லுக்கு வாங்கிய இணைய லைன் தினமும் மூன்று மணிக்கு மேல் நகராது. வெளிநாட்டு ஆர்டர் மெயில்கள் சிக்கி நிற்கும். மெயில் அனுப்புகிற கம்ப்யூட்டரில் அந்த நேரத்தில் உட்காருபவள் நீ.

"ஏனம்மணி, மத்தியானமானா யாருகூட சாட்டிங்?" என்று எல்லார் முன்னாலும் கேட்டார். "ஒங்கண்ணனுக்கு ஒரு கடுதாசி போட்டுப்போடட்டுமா?"

நீ தலை குனியவில்லை. "போடுங்க சார். அதுக்கு முன்னால லைன்ல என்ன போகுதுன்னு படம் போட்டுக் காட்டறேனுங்க. ஆயுத பூஜை முடியற வரைக்கும் பொறுங்க."

அவர் பொறுத்தார். ஆனால் கடிதத்தை அன்றே எழுதி மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார்.

குடோனில் கிடந்த பழைய கம்ப்யூட்டர் ஒன்றைக் கேட்டு வாங்கினோம். மூடியைக் கழற்றினால் உள்ளே தலையணைக்கு ஆகிற அளவு பஞ்சு. மில்லில் எதைத் திறந்தாலும் பஞ்சுதான். பெயிண்ட் பிரஷ்ஷால் நீ தட்டித் தட்டி எடுக்க, மூக்கில் துப்பட்டாவைக் கட்டிக்கொண்டு நான் அள்ளினேன். பத்திரிகையோடு இலவசமாக வந்த சி.டி.யிலிருந்து லினக்ஸ் ஏற்றினோம். மூன்று முறை பாதியில் நின்றது. அதன் பிறகு அந்த மென்பொருளை நிறுவப் போனால், படம் வரைய ஒரு துணை நிரல் வேண்டும் என்றது. அதைக் கொடுத்தால், அதற்கு இன்னொன்று வேண்டும் என்றது.

"மாப்பிள்ளை ஊட்டுக்காரங்க மாதிரியே ஒவ்வொண்ணாக் கேக்குது பாரு புள்ள," என்றாய். "எல்லாம் குடுத்தப்புறம் கார் கேக்கும்."

எல்லாம் கொடுத்த பிறகு அது கேட்டது கடிகாரம். பழைய இயந்திரத்தில் பேட்டரி செத்துப்போய், ஒவ்வொரு முறை அணைத்து எழுப்பும்போதும் எண்பதாம் வருடத்துக்குப் போய் நின்றது. உக்கடம் போய்ப் புது பேட்டரி வாங்கி வந்தாய். உன் கைக்கடிகாரத்தைப் பார்த்து நேரத்தை வைத்தாய். "மணி தப்பா இருந்தா படம் சரியா இருந்தும் பிரயோசனமில்ல."

பிறகு காத்திருந்தோம். அது ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறைதான் லைனைக் கேட்டு ஒரு புள்ளி வைக்கும். அந்த ஐந்து நிமிடங்களில்தான் எனக்கு உன்னைத் தெரிந்தது. ஒரு புள்ளிக்கும் அடுத்த புள்ளிக்கும் நடுவில், தறிச் சத்தம் இல்லாமல் உனக்குத் தூக்கம் வராது என்றாய். இன்னொரு இடைவெளியில், கல்யாணத்துக்கு முன் ஒரே ஒரு தடவை தனியாக ரயிலில் போக வேண்டும் என்றாய். புள்ளி விழுந்ததும் பேச்சு நிற்கும். இருவரும் திரையைப் பார்ப்போம்.

மூன்றாம் நாள் படம் தெளிவாகிவிட்டது. மதியம் வரை தரையோடு கிடந்த பச்சைக் கோடு, மூன்று மணிக்கு மலையாக எழுந்து ஐந்து மணிக்கு இறங்கியது. மறுநாளும் அதே மலை. நீ மெயில் கம்ப்யூட்டரில் உட்கார்ந்திருக்கும் அதே நேரம். லைன் நிரம்புகிறது என்று அந்தப் படம் சொல்லும், யாரால் என்று சொல்லாது. உன்னைக் காப்பாற்ற நாம் எழுப்பிய இயந்திரம் மேனேஜர் பக்கம் சாட்சி சொன்னது.

அப்போதுதான் நான் அதைக் கேட்டேன். "நெஜமாவே நீ யாருகூடயாவது பேசறியா? எங்கிட்டயாவது சொல்லு."

நீ என்னைப் பார்த்தாய். கோபம் இருந்திருந்தால் தாங்கியிருப்பேன். திரும்பி அடுத்த புள்ளிக்குக் காத்திருந்தாய். விழுந்த பிறகு திரையைப் பார்த்தபடியே சொன்னாய். "ஆயுத பூஜை அன்னிக்கு மில்லுல அத்தனை மிஷினும் நிக்குமில்ல? இத மட்டும் நிறுத்த வேண்டாம்."

பூஜை வைத்த இயந்திரத்தை மறுநாள் வரை ஓட்டக்கூடாது என்பது அங்கே மீறாத வழக்கம். காலையில் வாழைக்கன்று கட்டி, கம்ப்யூட்டர்களுக்கெல்லாம் பொட்டு வைத்து, ஒவ்வொன்றாக அணைத்தார்கள். நம் இயந்திரத்துக்கு நீயே சந்தனம் வைத்து, திரையை மட்டும் அணைத்தாய். கற்பூரத் தட்டோடு வந்த மேனேஜர் காதைத் தீட்டினார்.

"என்னமோ ஓடற சத்தம் கேக்குதே?"

"ஃபேனுங்க சார்," என்றாய். இயந்திரத்துக்குள் இருந்ததும் ஃபேன்தான். எனக்குத்தான் கையிலிருந்த பொரிப் பொட்டலம் கொட்டிவிட்டது. "பூசணிக்காயத்தான் ஒடைக்கோணும், பொரிய எதுக்குக் கொட்டற?" என்று சிரித்தாய். மோடமும் ரவுட்டரும் யார் கண்ணுக்கும் மிஷினாகத் தெரியவில்லை. பொட்டும் இல்லாமல், நிறுத்துவாரும் இல்லாமல் மூலையில் மினுக்கிக்கொண்டிருந்தன. பகல் பன்னிரண்டுக்கு அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள்.

விஜயதசமி காலையில் மேனேஜரைக் கூப்பிட்டுத் திரையைப் போட்டாய். யாருமே இல்லாத பூஜை நாளில், மூன்று மணிக்கு அதே பச்சை மலை.

"எல்லாந்தான் நின்னுபோச்சே. இது யாரு?" என்றார்.

நீ ஜன்னலைக் காட்டினாய். ரவுட்டர் பக்கமிருந்து ஒரு கருப்பு ஒயர் வெளியேறி, வேப்பமரத்துக் கிளை வழியாகப் பின்னாலிருந்த முதலாளி பங்களாவுக்குப் போனது. வெளிநாட்டிலிருந்து முதலாளி மகளும் மருமகனும் வந்து ஒரு மாதம் ஆகியிருந்தது.

மேனேஜர் மெதுவாக உட்கார்ந்தார். "மாப்பிள்ளைங்களா... அவரப் போயி யாரு கேக்கறது? இந்தப் படத்த அழிச்சுப்போடு கண்ணு."

"அழிச்சுப்போடறேனுங்க. டிராயர்ல இருக்கற லெட்டர நீங்க கிழிச்சுப்போடுங்க."

அவர் கிழித்தார். நீ அழித்தாய். அந்தக் காலத்தில் எனக்குத் தெரிந்த மிக நேர்மையான ஒப்பந்தம் அதுதான். மருமகன் ஊருக்குப் போகும்வரை லைன் நகரவில்லை. யாரும் உன்னைக் கேட்கவுமில்லை.

என்னிடம் நீ "பாத்தியா?" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். முந்தைய நாள் பொரியில் மிச்சமிருந்ததைப் பிரித்து, கடலையாகப் பொறுக்கி என் கையில் வைத்தாய். நான் தின்றேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அடுத்த தை மாதம் உனக்குக் கல்யாணம் ஆயிற்று. ஈரோட்டிலிருந்து வருடத்துக்கு இரண்டு போன். பிள்ளைகள், வீடு, முட்டி வலி. ஒவ்வொரு முறையும் மன்னிப்புக் கேட்டுவிட நினைப்பேன். இவ்வளவு சின்ன விஷயத்தை இத்தனை வருடம் கழித்து எடுப்பதா என்று போனை வைத்துவிடுவேன். அந்த ரயிலில் தனியாகப் போனாயா என்றும் கேட்கவில்லை.

இன்று மதியம் வேலை முடிந்தது. முதலில் கடிகாரத்தைச் சரிபார்த்தேன். அது தானாகவே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும், இருந்தாலும் என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். இந்த மென்பொருள் நொடிக்கு நொடி படம் வரையும். அதை மாற்றி ஐந்து நிமிடம் என்று வைத்தேன். "எதுக்கு மேடம், இவ்வளவு மெதுவா?" என்று கூட வேலை செய்கிற பையன்கள் கேட்டார்கள். ராத்திரி மாற்றிவிடுவதாகச் சொன்னேன்.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். பக்கத்தில் இன்னொன்றையும் இழுத்துப் போட்டேன். முதல் புள்ளி விழுந்தது. அடுத்தது விழுவதற்குள் சொல்லிவிட்டேன், புள்ள. வாய்விட்டுத்தான் சொன்னேன். உன்னைச் சந்தேகப்பட்டிருக்கக் கூடாது என்று.

இரண்டாவது புள்ளியும் விழுந்தது. வழக்கம்போல் பேச்சை நிறுத்திவிட்டுத் திரையைப் பார்த்தேன்.