மூன்றாம் படியில் விட்ட இடம்

மயிலுருக் கொண்டு புன்னை நிழலில் ஈசனைப் பூசித்த அன்னையே, சொல் பிறக்குமுன் இருப்பவள் நீ. சொல் ஓய்ந்த பின்னும் இருப்பவள் நீ. இம்மடலில் பிழை நேராமல் காத்தருள்வாய்.

அன்புள்ள டீச்சர்,

நவராத்திரிக்கு முன்பாகக் கொலுப் பெட்டியைத் திறந்தேன். பழைய செய்தித்தாளும் கற்பூரமும் கலந்த வழக்கமான மணத்துக்கு அடியிலிருந்து வைக்கோல் வாசனை எழுந்தது. எங்கள் வீட்டுப் பெட்டியில் வைக்கோலுக்கு வேலையில்லை. அது உங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலின் வைக்கோல்.

சனவரியில் மூன்று ராசாக்கள் திருநாள் கழிந்ததும் நீங்கள் திருப்பித் தந்த துணிமூட்டையை நான் பிரிக்காமலே உள்ளே வைத்திருந்தேன். அன்று பிரித்துப் பார்த்தால், என் மண் பசுக்களோடு உங்கள் ஆட்டுக்குட்டியும் படுத்திருந்தது. பின்னங்கால் ஒடிந்தபோது தீக்குச்சி கொடுத்து ஒட்டினீர்களே, அதே குட்டி. தவறி வந்ததா, தெரிந்தே வைத்தீர்களா என்று கேட்க நீங்கள் இல்லை. ஆடி மாதத்தில் சாந்தோமில் உங்கள் கோயிலின் கடைசி வரிசையில் நின்று உங்களை வழியனுப்பிவிட்டேன்.

மயிலாப்பூர்ப் பள்ளியில் நீங்கள் புவியியல், நான் தமிழ். உங்கள் குடிலில் மாடு உடைந்துபோன ஆண்டில் என் கொலுப் பசுக்களைக் கேட்டு வந்தீர்கள். கண்ணன் மேய்த்த மாடாயிற்றே என்று நான் ஒரு கணம் யோசித்ததும், "ஏன் தமிழம்மா, எங்க கொட்டகைக்கு வந்தா பால் கறக்காதா?" என்றீர்கள். அன்று தொடங்கியது வழக்கம். மார்கழியில் என் பசுக்கள் உங்கள் வீட்டுக்கு. புரட்டாசியில் உங்கள் ஆட்டுக்குட்டி, ஒயர்கூடையில் அமர்ந்து, என் வீட்டுக்கு.

அந்நாளில் நான் கலை என்பதற்கு ஒரு கறாரான வேலி வைத்திருந்தேன். குருமுகமாக வரவேண்டும், இலக்கணம் வேண்டும், ஆண்டுக்கணக்கில் சாதகம் வேண்டும். யாரோ செய்த பொம்மையை வாங்கிவந்து அடுக்குவது பக்தி, கலையன்று என்று ஆசிரியர் அறையில் டிபன் டப்பாவைத் திறந்தபடி சொன்னேன். நீங்கள் சும்மா விடவில்லை.

"இன்னா தமிழம்மா, உங்க புலவருங்க சொல்லை எல்லாம் அவங்களேவா செஞ்சாங்க? கடையில கிடக்குற சொல்லுதானே?"

"தமிழைப் போய்க் கடைன்னு சொல்றேளே டீச்சர்."

"எல்லாரும் வாங்குற கடைதானே? எதுக்குப் பக்கத்துல எதை வைக்கிறாங்கன்றதுலதான் விஷயம் கீது."

மணி அடித்தது. உலக உருண்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நீங்கள் வகுப்புக்குப் போய்விட்டீர்கள்.

முதன்முறை உங்கள் குடிலைக் காண வந்த மாலை நினைவுக்கு வருகிறது. காக்கித் தாளைக் கசக்கிக் குன்றுகள். தட்டில் முளைக்க வைத்த கேழ்வரகுப் பசுமை. முகம் பார்க்கும் கண்ணாடி ஒரு குளமாகியிருந்தது. நீர் எந்தச் சரிவில் இறங்கும், இடையன் எந்த மேட்டில் நிற்பான் என்பதெல்லாம் உங்கள் பாடமல்லவா? ஆனால் எல்லாரும் நோக்கி நின்ற தீவனத் தொட்டி காலியாக இருந்தது. "குழந்தை எங்கே?" என்றேன். "இன்னும் பிறக்கலை. பண்டிகை ராத்திரிதான் வைப்போம். அதுவரைக்கும் எல்லாரும் காத்துக்கினு இருக்கணும்," என்றீர்கள்.

தில்லையில் திரையை விலக்கினால் அங்கே உருவமில்லை, வெளிதான் இருக்கிறது என்று உங்களுக்குச் சொன்னேன். அந்த வெற்றுவெளியைத்தான் நாங்கள் கைகூப்பித் தொழுகிறோம் என்றேன். நீங்கள் கண்ணாடிக் குளத்தின் ஓரத்தைச் சரிசெய்தீர்கள். பிறகு, "அப்போ உங்க கொலுவுலயும் ஒரு இடம் விடலாமே," என்றீர்கள்.

அடுத்த நவராத்திரியில் மூன்றாம் படியை நீங்கள்தான் அமைத்தீர்கள். பசுக்கள், கோபியர், உங்கள் குட்டி எல்லாம் வந்து நின்றன. நடுவில் இருந்த குழலூதும் கண்ணனை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டீர்கள். "வைக்கிறது யாருக்கும் வரும் தமிழம்மா. எடுக்கிறதுதான் கஷ்டம்." தள்ளி நின்று பார்த்தேன். கண்ணன் இல்லாத அந்தப் படியில்தான் குழல் கேட்டது.

தெருவின் மாதர் சங்கம் கொலுப்போட்டி நடத்திய ஆண்டு நடந்ததை நினைத்தால் இன்றும் சிரிப்பு வரும். மதிப்பெண் போட வந்த பட்டுப்புடவை மாமி மூன்றாம் படியை நோக்கி விரல் நீட்டினார்.

"இங்க என்ன காலியா இருக்கு? பொம்மை ஒடஞ்சுடுத்தா?"

நான் வாய் திறப்பதற்குள் நீங்கள், "இல்லீங்க, வந்துகினே இருக்காரு. பனகல் பார்க் டிராஃபிக்ல மாட்டிக்கினாரு," என்றீர்கள்.

மாமி சிரிக்கவில்லை. "எல்லாம் ரெடிமேட் பொம்மை. இது ஆர்ட்ல சேராது," என்று சொல்லி, ஆறுதல் பரிசாக ஓர் எவர்சில்வர் கிண்ணத்தை என் கையில் திணித்துவிட்டுப் போனார். "நாம ஆர்ட்டிஸ்ட் இல்லைன்னு ஆயிடுச்சு. இனிமே நிம்மதியா வேலை பார்க்கலாம்," என்று அந்தக் கிண்ணத்திலேயே சுண்டல் போட்டுத் தின்றீர்கள்.

உங்கள் மகள் ஸ்டெல்லா தரமணி அலுவலகத்திலிருந்து அவ்வப்போது பேசுகிறாள். கொலுவுக்கு அழைத்தபோது, "இந்த வருஷம் எங்க வீட்டுல கிறிஸ்துமஸ் ஸ்டாரும் கிடையாது, குடிலும் கிடையாது ஆன்ட்டி," என்றாள். துக்க ஆண்டில் அது முறைதான். ஆனால் அவள் அதோடு நிறுத்தவில்லை. "இனிமேலும் வேண்டாம்னு பாக்குறேன். அம்மா ஆர்ட்டிஸ்ட். நான் வச்சா அது சும்மா பொம்மை வைக்கிறதுதான்." உங்களை மண்ணில் வைத்த நாளைவிட அச்சொல் எனக்குக் கனத்தது. நீங்கள் போனதோடு குடில் வைக்கும் வழக்கமும் போய்விடுமோ என்று அஞ்சினேன்.

இந்த ஆண்டு கொலு முழுவதையும் நானே அமைத்தேன். மூன்றாம் படி வந்ததும் மனம் தளர்ந்தது. உங்கள் குட்டியை அந்தக் காலியிடத்தில் வைத்தேன். உங்களுக்கான இடம் அதுவே என்று தோன்றிற்று. விளக்கேற்றிப் பார்த்தேன், படி வாயடைத்துப் போயிருந்தது. குட்டியை எடுத்துப் பசுக்களின் ஓரத்தில், வருவோரைப் பார்க்கும்படி நிறுத்தினேன். அப்படி எடுக்க எவ்வளவு வலித்தது என்பது உங்களுக்குத் தெரியும்.

சரஸ்வதி பூஜைக்கு முந்தைய மாலை ஸ்டெல்லா வந்தாள். குட்டியைக் கண்டதும், "இது இங்கதான் இருக்கா? வீடெல்லாம் தேடினேன்," என்றாள். வெற்றிலை பாக்குத் தட்டோடு நான் நின்றுகொண்டே இருக்க, அவள் படியின்முன் அமர்ந்து நெடுநேரம் பார்த்தாள். பிறகு என்னைக் கேளாமல் கையை நீட்டிக் குட்டியைச் சற்றே திருப்பினாள். அதுவரை எங்களைப் பார்த்திருந்தது, இப்போது அந்தக் காலியிடத்தைப் பார்த்தது. அவ்வளவுதான் டீச்சர். படி முழுவதும் திரும்பி அங்கே நோக்கிற்று.

அவள் புறப்படும்போது வாசலில் நின்று, "டிசம்பர்ல மாட்டை அனுப்புறீங்களா ஆன்ட்டி?" என்றாள்.

"குடில் கிடையாதுன்னியேம்மா?"

"குடில் கிடையாது. தொட்டி மட்டும் வைக்கிறேன். பக்கத்துல மாடு நிக்கட்டும்."

குட்டியை அவளோடு அனுப்பவில்லை. மார்கழியில் பசுக்களோடு சேர்ந்து வரும் என்றேன், தலையசைத்தாள். கலைஞர் யார் என்று இன்று என்னைக் கேட்பவர்க்கு நான் இலக்கணம் சொல்வதில்லை. செய்யுள் படிக்கும்போதும் சந்நிதியில் நிற்கும்போதும், எதைச் சொல்லாமல் விட்டிருக்கிறார்கள் என்று பார்க்கும் கண்ணை நீங்கள் எனக்குத் தந்துவிட்டுப் போனீர்கள். அதனோடுதான் மிச்ச நாளைக் கழிக்கிறேன்.

உங்கள் ஆண்டவரின் நிழலில் இளைப்பாறுங்கள். ஸ்டெல்லாவின் கைக்கு நிதானமும் கண்ணுக்குத் தெளிவும் குறையாதிருக்கட்டும். இதைப் படிப்போர் இல்லங்களில் விளக்கு மங்காமலும், அடுப்பு ஆறாமலும், வரவேண்டியவர்க்கென ஓரிடம் எப்போதும் காத்திருக்கவும் அன்னை அருள்வாளாக.