பொதுச் சேனலில் போன பேச்சு

எம்.கே.பி. நகர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு உன் மனைவி சங்கமித்ரா எழுதுவது. ஜெய்பீம்.

வீட்டில் நானும் அத்தையும் சுகம். அத்தைக்கு மூச்சிரைப்பு கொஞ்சம் குறைந்திருக்கிறது. புழல் ஜெயிலில் கொசுக்கடி எப்படி என்று கேட்கச் சொன்னார்கள். அடுத்த வாய்தாவில் உனக்கு ஜாமீன் கிடைத்துவிடும் என்கிறார் வக்கீல். இந்த நல்ல செய்தியை முதலில் வைத்துக்கொள். மற்றதெல்லாம் எரிச்சல்தான்.

திருவொற்றியூர் கன்டெய்னர் யார்டில், பெட்டிகளின் சீல் உடையாமல் இருக்கிறதா என்று பார்க்கிற வேலையிலிருந்து என்னைத் தூக்கிவிட்டார்கள். இப்போது கேட்டில் உட்கார்ந்து லாரி டிரைவர்களுக்கு ஹெல்மெட் எடுத்துக் கொடுக்கிறேன். அங்கே மனு போட்டுக் கைதிகளைப் பார்க்க வருகிற யாராவது உன் காதில் போடுவதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்.

சனிக்கிழமைகளில் உன்னைப் பார்க்க வர அனுமதி வேண்டுமே என்று, நீ உள்ளே இருப்பதை சூப்பர்வைசர் எத்திராஜ் அண்ணனிடம் மட்டும் சொல்லியிருந்தேன். யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று பிள்ளைமேல் சத்தியம் செய்தார். போன வாரம் என் இடத்துக்கு மாற்று ஆள் கேட்டு மேனேஜரை வாக்கி-டாக்கியில் கூப்பிட்டிருக்கிறார். சொந்த விஷயமென்றால் சேனலை மாற்றிக்கொண்டு பேச வேண்டும் என்பது அங்கே நேற்று சேர்ந்தவர்களுக்கும் தெரியும். இந்த மனுஷன் மாற்றவில்லை. "சங்கமித்ரா வூட்டுக்காரரு அடிதடி கேஸ்ல உள்ள கீறாரு சார், மனு பாக்கப் போவுது" என்று அவர் சொன்னது, கிரேன் ஓட்டுபவர் முதல் கேட் காவலாளி வரை எல்லோர் இடுப்பிலும் அலறியது. என் இடுப்பிலும்தான்.

மேனேஜர் கூப்பிட்டு, சீல் பார்ப்பது நம்பிக்கையான வேலை, சரக்குக்காரர்கள் கேள்வி கேட்பார்கள் என்றார். உடைந்த சீல் ஒன்றையாவது நான் விட்டிருக்கிறேனா என்று கேட்டேன். இல்லை என்றார். அப்புறம் என்னதான் குறை என்றதற்கு, நாளையிலிருந்து கேட்டில் உட்காரச் சொன்னார். எத்திராஜ் அண்ணன் பக்கத்திலேயே நின்று தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே வந்ததும், "வேணும்னேவா சொன்னேன்? அவசரத்துல பேஜாராயிடுச்சும்மா" என்கிறார். பேஜார் யாருக்கு? எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

இதில் இன்னொரு கூத்தைக் கேள். மறுநாள் மன்னிப்புக் கேட்க வந்தவர், தன் வீட்டு விஷயம் ஒன்றை என்னிடம் கொட்டிவிட்டார். மேனேஜருக்குத் தெரிந்தால் அவர் வேலையும் போய்விடும். "உன்னாண்ட மட்டுந்தாம்மா சொல்றேன், வெளிய வுட்டுடாத" என்று கெஞ்சினார். என் விஷயத்தைக் காக்கத் தெரியாதவருக்கு என்ன தைரியம் பார்! யார்டு முழுக்கச் சொல்லிவிடலாமா என்று நாக்கு துறுதுறுத்தது. சொல்லவில்லை. அது என்னவென்று உனக்கும் எழுத மாட்டேன்.

பழைய வேலையைத் திரும்பக் கேட்டுத் தலைமை அலுவலகத்துக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். நீ உள்ளே இருப்பதையும் மறைக்காமல் எழுதினேன். தராவிட்டாலும் ஓடிவிட மாட்டேன். அந்த கேட்டில் உட்கார்ந்தே கேட்டுக்கொண்டிருப்பேன்.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். இதைப் படிக்கும்போதே நீ பல்லைக் கடிப்பாய், எனக்குத் தெரியும். தோஸ்துக்காகக் கை ஓங்கப் போய்த்தான் நீ அங்கே இருக்கிறாய். வெளியே வந்ததும் எத்திராஜ் அண்ணன் வீட்டு வாசலில் போய் நிற்காதே. என் சண்டையை நான் போட்டுக்கொள்கிறேன். நீ நேராக வீட்டுக்கு வா. அவரை நம்பிச் சொன்னது ஊர் முழுக்கப் போய்விட்டது. உன்னை நம்பிச் சொன்னதையாவது உன்னோடு வைத்துக்கொள், மாமா.

வழி பார்த்திருக்கும்,
சங்கமித்ரா