நான் கிளப்பிவிட்ட ஒரு முழப் புழு

அன்பு மகள் கோகிலவாணிக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் புதிதாகப் பிறந்த இரண்டு ஆட்டுக்குட்டிகளும் நலம். புனேயில் நீயும் மாப்பிள்ளையும் பேரனும் சளி இருமல் இல்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தினம் போனில் பேசுகிறவன் எதற்குக் கடிதம் எழுதுகிறான் என்று பதறாதே, யாருக்கும் ஒன்றுமில்லை. போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவாய். காகிதத்தில் என்றால் முழுதும் படித்துவிட்டுத்தான் கத்த முடியும்.

போன மாதம் நம் ஊர் அங்கன்வாடியில் பிள்ளைகளுக்குக் குடற்புழு மாத்திரை கொடுக்கும் நாள் வந்தது. உன் அம்மா அங்கே டீச்சராகி இருபது வருடம் ஆகியும் ஒவ்வொரு தடவையும் வீட்டில் கல்யாணம் வைத்த மாதிரி அலைவாள், வாசல் வாசலாகப் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். அதற்கு முந்தின நாள் காலை மாது டீக்கடையில் ஒருத்தர், அந்த மாத்திரை எதுக்குங்க என்று என்னைக் கேட்டார். நேராகப் பதில் சொல்லியிருக்கலாம், என் நாக்கு எப்போது நேராகப் போயிருக்கிறது? ஒகேனக்கல் பக்கம் ஒரு பையன் அதைத் தின்றான், ஒரு முழத்துக்குப் புழு மூக்கு வழியாக வந்தது, அவன் அப்பன் அதைத் தூண்டிலில் மாட்டி மீன் பிடிக்கப் போய்விட்டான் என்றேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்துவிட்டுக் காட்டு வேலைக்குப் போனேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்தால், அடுத்த தெருத் தங்கம்மாள் உன் அம்மா முன்னால் மூச்சு வாங்க நிற்கிறாள். அக்கா, சேதி தெரியுமா, ஒகேனக்கல் பக்கம் மாத்திர தின்ன ரெண்டு புள்ளைங்களப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போயிட்டாங்களாம், மூணு முழத்துக்குப் புழுவாம் என்கிறாள். காலையில் நான் விட்டது ஒரு முழம்தான். பொழுது சாய்வதற்குள் வளர்ந்து என் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டது. அப்போதே உண்மையைச் சொல்லியிருக்க வேண்டும், முகம் கழுவுகிற சாக்கில் பின்பக்கம் நழுவிவிட்டேன்.

மறுநாள் நாற்பது பிள்ளைகள் வர வேண்டிய இடத்தில் ஒன்பது பேர்தான் வந்தார்கள். யார் கிளப்பிவிட்டது என்று உன் அம்மா விசாரித்ததும் மாது என் பெயரைச் சொல்லிவிட்டான். அவள் கத்தவில்லை. சோற்றைப் போட்டு முன்னால் வைத்துவிட்டு, புழுவுக்கெல்லாம் மாத்திர இருக்குதுங்க, உங்க வாய்க்குத்தான் ஒண்ணுமில்ல என்றாள். அதோடு பேச்சையே நிறுத்திவிட்டாள். அவள் கவலையெல்லாம் கூலிவேலைக்குப் போகிற பாஞ்சாலியின் மகள் அன்பரசியைப் பற்றித்தான். நாலு வயது, வயிறு மட்டும் உப்பி, கண் வெளுத்து, சுவரைச் சுரண்டித் தின்கிற பிள்ளை. பாஞ்சாலி பயந்துபோய் அவளை வீட்டை விட்டு வெளியே விடவில்லை.

விடுபட்ட பிள்ளைகளுக்கு ஒரு வாரம் கழித்து மறுபடி கொடுப்பார்கள். அதற்குள் சரிசெய்யலாம் என்று டீக்கடையில் நின்று, நான் சொன்னது பொய்ங்க என்று ஒத்துக்கொண்டேன். பாவம், வூட்டுல சோறு போடலியாட்டம் இருக்குது என்று சிரித்தார்களே தவிர ஒருத்தரும் நம்பவில்லை. சரி, எனக்குத் தெரிந்த வேலையையே செய்வோம் என்று மாதுவைத் தனியாகக் கூப்பிட்டு, யாருகிட்டயும் சொல்லாத, நாம வேணாம்னதால மிச்ச மாத்திரைய அடுத்த ஊருக்காரங்க கேட்டு வாங்கிட்டுப் போறாங்களாம் என்று காதில் போட்டேன். மறுபடி கொடுக்கிற திங்கட்கிழமை அங்கன்வாடி வாசலில் வரிசை நின்றது. பல் போன இரண்டு கிழவர்கள்கூட, எங்களுக்கு இல்லீங்களா என்று சண்டைக்கு வந்தார்கள்.

பாஞ்சாலி மட்டும் வரவில்லை. நானே அவள் வீட்டுக்குப் போனேன். அவள் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு, நீங்க அன்னைக்குச் சொன்னது பொய்யா, இன்னைக்குச் சொல்றது பொய்யா மாமா, எனக்கு இருக்கிறது ஒரே கண்ணுங்க என்றாள். அந்தப் பிள்ளை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தது. அப்போதுதான், அம்மா கோகிலா, மன்னித்துக்கொள், உன் கதையைச் சொன்னேன். ஐந்து வயதில் நீ பல்பம் தின்று இதே மாதிரி வெளுத்துக் கிடந்தது, பாப்பாரப்பட்டி டாக்டர் மருந்து கொடுத்தது, மறுநாள் காலை புளியமரத்தடியில் குந்தி எழுந்தவள் திரும்பிப் பார்த்து, அப்பா பாம்பு என்று அலறிப் பாவாடையைச் சுருட்டிக்கொண்டு தெரு முழுக்க ஓடியது, நான் தடியோடு ஓடிவந்து அந்தப் பாம்பை அடித்தது, எதையும் விடவில்லை. பாஞ்சாலி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். பெத்த பொண்ணப் பத்தி எந்த அப்பனும் இப்படிப் பொய் சொல்ல மாட்டாங்க மாமா என்று பிள்ளையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு என் கூடவே கிளம்பினாள். அன்பரசி மாத்திரையை மென்று தின்றுவிட்டு, இன்னொன்னு குடுங்க டீச்சர் என்று கை நீட்டினாள்.

நர்ஸ் வந்து பார்த்து ரத்தம் ஊற இரும்புச்சத்து மருந்தும் கொடுத்திருக்கிறார். இப்போது பிள்ளை வயிற்று வலி என்று அழுவதில்லை, இரண்டாம் தடவை சோறு கேட்கிறாள். உன் அம்மாவும் நேற்று வாய் திறந்தாள். ஊரெல்லாம் சொல்லிட்டீங்க, கோகிலாவுக்கும் நீங்களே சொல்லிடுங்க என்பதுதான் அவள் பேசின முதல் வார்த்தை.

ஊரெல்லாம் என்பது உண்மைதான், பாஞ்சாலி களையெடுக்கப் போன இடமெல்லாம் சொல்லிவிட்டாள். பேரனுக்கு அங்கே மாத்திரை கொடுத்தார்களா என்று மறக்காமல் கேள், செருப்பில்லாமல் மண்ணில் விடாதே. பேரன் நன்றாக வளரட்டும், நீயும் மாப்பிள்ளையும் மனம் நிறைந்து இருங்கள், எங்கள் ஆசி எப்போதும் உண்டு. தீபாவளிக்கு வரும்போது பஸ் ஸ்டாப்பில் யாராவது உன்னைப் பார்த்து, பாம்பு நல்லா இருக்குதா கண்ணு என்று கேட்டால், கோபப்படாமல் நல்லா இருக்குதுங்க என்று சொல்லிவிட்டு வா.

இப்படிக்கு,
கத்துவதைக் கேட்கப் போனைக் கையிலேயே வைத்திருக்கும் அப்பா,
நஞ்சப்பன்