இல்லாத இடத்துக்கு ஒரு பூச்சியம்

உள்துறைமுக வீதி,
திருகோணமலை.
ஜூன் 14

அன்புள்ள மச்சானுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் நம்முடைய மீன்பிடிச் சாமான் கடையும் சுகம். தோஹாவில் வெயில் கடுமையாம். அல்லாஹ் உங்களை நல்லபடி வைத்திருக்கட்டும். போனில் சொன்னால் பாதியில் சிரித்துவிடுவீர்கள். அதனால்தான் அங்கே வரும் உங்கள் தம்பி றிப்தியின் கையில் இந்தக் கடிதம்.

நவம்பரில் நான் உயர்தரச் சோதினை எழுதப் போகிறேன். இணைந்த கணிதம், ஒரே ஒரு பாடம். ஐந்து மாதமாக ஞாயிறு காலையில் தர்சன் சேரின் வகுப்புக்குப் போகிறேன். நாற்பத்திரண்டு வயதில், பதினேழு வயதுப் பிள்ளைகளுக்கு நடுவில்! கட்டின புருஷனிடம் மறைத்தது பிழைதான். சரிவராவிட்டால் உங்களுக்குச் சொல்லாமலே விட்டுவிடலாம் என்று நினைத்தேன்.

விடத்தான் பார்த்தேன். தொகுமுறை வகுத்தல் என்று ஒன்று. x³ − 7x + 6 ஐ x − 2 ஆல் வகுக்க வேண்டும். x-களை விட்டுவிட்டு, முன்னால் நிற்கும் எண்களை மட்டும் வரிசையாக எழுதி, இரண்டால் பெருக்கிக் கூட்டிக்கொண்டே போனால் கடைசியில் நிற்பது மீதி. நான் 1, −7, 6 என்று எழுதினேன். மீதி −4. பிழை. எத்தனை தரம் செய்தாலும் −4. பிள்ளைகளுக்கு முன்னால் சேரிடம் கேட்க வெட்கம். விண்ணப்பத்தைக் கிழிக்க எடுத்தும் வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை உப்புவெளி யோகலிங்கம் அண்ணன் கடைக்குள் பாய்ந்து வந்தார். ஏழாம் நம்பர் தூண்டில் முடிந்ததால் எட்டாம் நம்பர் பெட்டியை அந்த இடத்துக்கு நகர்த்தி வைத்திருந்தேன். பழக்கத்தில் அவர் பார்க்காமலே அதை எடுத்துப் போயிருக்கிறார். “சாமான் இல்லாட்டி வெறும் பெட்டியை வை பிள்ளை! இடத்தை ஏன் மாத்துறாய்? என்ர ஒரு நாள் தொழில் போச்சு!” என்று கத்தினார்.

மன்னிப்புக் கேட்க வாய் திறந்தேன், வந்தது சிரிப்பு. கணக்கில் x² இல்லை, மச்சான்! அதன் இடத்துக்கு நான் −7 ஐ நகர்த்தியிருந்தேன். அவர் முன்னாலேயே பில்லின் பின்பக்கம் 1, 0, −7, 6 என்று எழுதினேன். இரண்டால் பெருக்கிக் கூட்ட 1, 2, −3, கடைசியில் பூச்சியம். “பாருங்க அண்ணன், மீதியே இல்லை!” என்றேன். “உனக்கு விசர் பிள்ளை” என்றவர், தேத்தண்ணி குடித்துவிட்டுத்தான் போனார். அவருக்கு ஒரு பெட்டி தூண்டில் சும்மா கொடுத்தேன். கடை திறந்த நாளிலிருந்து நான் சும்மா கொடுத்தது அது ஒன்றுதான்!

அன்றைக்கே விண்ணப்பத்தை அனுப்பிவிட்டேன்.

பாஸ் பண்ணி என்ன செய்வாய் என்பீர்கள். தெரியாது. வலை, தூண்டில், நங்கூரம் எல்லாம் ஆதாயம் பார்த்து வாங்கினேன். இது ஒன்று மட்டும் ஆசைக்கு.

டிசம்பர் லீவை நவம்பருக்கு மாற்றுங்கள். நான் மண்டபத்தில் இருக்க, கடையில் நீங்கள் இருங்கள். சோதினை இரண்டே நாள். இரண்டு நாளுக்கு எதற்கு முழு மாத லீவு என்று மட்டும் கேட்டு எழுதாதீர்கள்.

துஆவுடன்,
உங்கள் ஸுல்பிகா