சாவி என் பையில் இருக்கிறது

என்னங்க,

படிக்க வசதியாகப் பெரிய எழுத்தில் எழுதுகிறேன். சாப்பாட்டை மூடி வைத்திருக்கிறேன். கார் சாவியைத் தேட வேண்டாம்.

"ஊருக்கெல்லாம் கண்ணாடி எழுதிக் குடுக்குற, கட்டின புருஷனுக்கு முடியலையா?" என்று நேற்றுக் கேட்டீர்கள். உங்கள் கருவிழி கூம்பி, மேடும் பள்ளமுமாக இருக்கிறது. எந்தக் கண்ணாடி எழுதினாலும் சாலையில் எதிரே வரும் ஒரு விளக்கு மூன்றாகத்தான் தெரியும். கண்ணில் போடும் கெட்டி லென்ஸ்தான் வழி. கண்ணைத் தொடவே விடமாட்டேன் என்கிறீர்கள். மனைவியாக விட்டுக்கொடுத்துவிடுவேன், கண் பார்ப்பவளாக முடியாது. இரண்டு பேராகவும் நானே இருந்து மூச்சு முட்டுகிறது.

சாயங்காலம் என்னோடு வேலை பார்க்கும் அக்கா லென்ஸோடு வருவார். கதவைத் திறங்கள்.

பி.கு.: வேண்டுமென்றேதான் தாமதமாக வருவேன். பயமாக இருந்தால் அவரிடம் சொல்லிவிடுங்கள். என்னிடம் சொல்ல மாட்டீர்கள் என்று தெரியும்.