இன்னைக்கு ஆர்கானிக் லேப் பரீட்சைங்க

ஏனுங்க,

நைட் ஷிஃப்ட் முடிச்சு அசந்து தூங்கறீங்க, எழுப்பல. இன்னைக்கு எனக்கு ஆர்கானிக் லேப் பரீட்சை. குக்கர்ல அரிசிம்பருப்பு சாதம் இருக்குது. வெளிய போனா சாவியை பக்கத்து வீட்டு மெர்சி அக்காகிட்டக் குடுத்துருங்க.

"இந்த வயசுல எதுக்கு காலேஜ்"னு சொன்னதுக்கப்புறம் நீங்க சரியாப் பேசறதே இல்லீங்க. அடுப்படியில தனியாப் பேசறேன்னு நினைச்சிருப்பீங்க. லேப் செய்முறையைத்தான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

நேத்து லேப்ல நான் செஞ்ச ஆஸ்பிரின் வெள்ளைவெளேர்னு வந்துச்சுங்க. இதுவரைக்கும் பழுப்பாத்தான் வரும். மேடம் எல்லாருக்கும் தூக்கிக் காட்டினாங்க. துடியலூர் பஸ்ல வர்றப்ப யார்கிட்டச் சொல்றதுன்னு தெரியாம ஜன்னலையே பார்த்துட்டு வந்தேன்.

கட்டாயம் பாஸாயிருவேனுங்க.

ஹேமலதா

மோர் ஃபிரிட்ஜ்ல இருக்குது.

சாயங்காலம் நான் வந்ததும், எப்படிச் செஞ்சேன்னு ஒரு வார்த்தை கேளுங்க.