ஏழாம் நம்பர் குச்சி

ஜனவரி 4

என் பாசிக்காரிக்கு,

நான் நலம். நீயும் குட்டியும் நலமா? பிள்ளை பெத்த உடம்பு, நேரத்துக்குச் சாப்பிடு.

இங்கே தென்துருவத்தில் கோடை என்று பேர்தான். மரம் இல்லை, புல் இல்லை, ஈ எறும்புகூட இல்லை. கடலோரம் போனால் பென்குயின் கத்தும். உள்ளே வந்தால் காற்றும் என் ஜெனரேட்டரும்தான்.

நீ சொன்னபடி பள்ளத்தாக்குக்குப் போனேன். போன கோடையில் பாசிக்குள் நீ நட்ட பன்னிரண்டு அளவுக் குச்சியிலும் பாசி எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று அளந்து, இத்துடன் உள்ள தாளில் எழுதியிருக்கிறேன். எல்லாம் நாலு மில்லிமீட்டருக்குக் குறையாது! உன் மகளைப்போலவே கொழுகொழுவென்று இருக்கிறது, போ.

உன்,
மெக்கானிக்

பிப்ரவரி 6

என்னங்க,

கடிதம் வந்த அரைமணியில் ஆய்வுக் கூட்டம். குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு சராசரியை மட்டும் கூட்டிப் பார்த்து, ஓடிப்போய் வாசித்துவிட்டேன். கூட்டத்தை நடத்திய பெரியவர் சிரித்தார். "ஏம்மா, அது பனிப்பாலைவனமா, உங்க வீட்டுக் குழாயடியா?" என்றார். ஐந்து வருஷ வேலையை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

அங்கே பனி உருகித் தண்ணீர் ஓடுவதே ஐந்தாறு வாரம். மற்ற நாளெல்லாம் பாசி உறைந்து, காய்ந்து கிடக்கும். வருஷத்துக்கு ஒரு மில்லிமீட்டர் வளர்ந்தாலே அதிகம். எனக்கு இது தெரியாதா? நீங்கள் அளந்தது என்பதால் நம்பினேன்.

வீட்டுக்கு வந்து தாளைப் பார்த்தால், ஏழாம் நம்பர் குச்சிக்கு நாலரை என்று இருக்கிறது. அந்தக் குச்சியைப் போன கோடையிலேயே காற்று முறித்துவிட்டது. அங்கிருந்து கிளம்பும்போது நான் அதைப் பையில் போட்டுக் கொண்டுவந்துவிட்டேன். இதோ, மேசையில் பேனாக்களோடு நிற்கிறது. நீங்கள் எதை அளந்தீர்கள்?

உங்கள் பாசிக்காரி

பிப்ரவரி 27

பாசிக்காரி,

பொய்தான். ஆனால் போனது நிஜம். நடந்துதான் போகணும் என்று நீ படித்துப் படித்துச் சொன்னாய். காற்று பலத்துவிட்டது, பயந்துபோய்ப் பனிவண்டியை எடுத்தேன். வெள்ளைப் புழுதியில் எதிரே ஒன்றும் தெரியவில்லை. இறங்கிப் பார்த்தால் வண்டி உன் பாசி மேல் நிற்கிறது. குச்சியெல்லாம் நொறுங்கிக் கிடந்தன.

உனக்கு எப்படி எழுதுவேன்? நீ சந்தோஷமாக இருக்கட்டும் என்று கைக்கு வந்த எண்ணைப் போட்டேன். திட்டு, அடி, ஆனால் பேசாமல் மட்டும் இருக்காதே.

உன் மெக்கானிக்

மார்ச் 15

அன்புள்ள மெக்கானிக் அவர்களுக்கு,

அந்த வண்டித் தடம் நாற்பது, ஐம்பது வருஷம் இருக்கும். நம் மகளுக்குத் தலை நரைக்கும்போதும் இருக்கும். படித்துவிட்டு அழுதேன்.

அன்றே உண்மையை எழுதியிருந்தால் நாலு திட்டு திட்டிவிட்டு விட்டிருப்பேன். அதே பள்ளத்தாக்கில் அளவுநாடாவின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டு, "தப்பா எழுதாதே, இன்னொரு தடவை பார்" என்றவர் நீங்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் உங்களைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

மிதிபட்ட பாசி எப்போது உயிர் பிடிக்கும் என்று பார்க்கவேண்டும். தடத்தின் ஓரமாகப் புதுக் குச்சி நட்டு அளவெடுக்க உங்கள் நிலையத்துச் சமையல்காரரைக் கேட்டிருக்கிறேன். நடந்தே போவதாகச் சொல்லியிருக்கிறார். அவருக்கு வழி மட்டும் காட்டுங்கள். பாசி பக்கம் நீங்கள் போக வேண்டாம்.

மகள் குப்புற விழ ஆரம்பித்துவிட்டாள். நான் சொல்வதை நீங்கள் நம்பலாம்.

இப்படிக்கு,
அவள் அம்மா